வென்றது மூன்று விக்கெட்டில், இழந்தது ஏழு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற திங்கட்கிழமை உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், இலவசக் கண் சிகிச்சை முகாம் அறிவிப்புக்குக் கீழே, எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவு நான்கு வரியில் வந்திருந்தது. போட்டதற்கு நன்றி. பெரிய ஊர் ஆட்டங்களுக்கே இடம் கிடைக்காத காலம் இது. ஆனால் அந்த நான்கு வரியில் கடைசி வரி, எங்கள் பையன்கள் "3 விக்கெட் மட்டுமே இழந்து எளிதாக" வென்றதாகச் சொல்கிறது. அந்த ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதியவன் நான். அவர்கள் இழந்தது ஏழு. வென்றது மூன்று விக்கெட் வித்தியாசத்தில், அதாவது பத்தில் மூன்று விழாமல் மிச்சம். எளிதாகவும் இல்லை. எனக்கே இரண்டு தடவை பேனா கைநழுவியது.

எதிரணி 146 ரன்னுக்கு ஆல் அவுட். நம் பையன்கள் 112க்கு 7. ஒன்பதாவதாக இறங்கியவன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான், அவனுக்குக் காலில் பேடு ஒரு சுற்றுப் பெரிசு, ஓடும்போது தட்டும். அவன் 21, மறுமுனையில் நின்றவன் 11, யார் மட்டைக் கணக்கிலும் சேராத உதிரி 3. எட்டாவது விக்கெட்டுக்கு 35 ரன் சேர்த்துக் கரை சேர்த்தார்கள். மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரைப் பார்த்த அந்தப் பையன் என்னிடம் வந்து, "தாத்தா, மூணு விக்கெட்தான் போச்சுன்னா நான் எப்படி உள்ள வந்தேன்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

நிருபரையோ அவரிடமிருந்து செய்தியை வாங்கித் தட்டச்சு செய்தவரையோ குறை சொல்ல வரவில்லை. குற்றம் அந்தச் சொல்லினுடையது. ஒரே வேட்டியை மாப்பிள்ளையும் கட்டிக்கொண்டு வருவார், பந்திக்குப் பரிமாறுகிறவரும் கட்டிக்கொண்டு வருவார். விக்கெட் அப்படி ஒரு சொல்.

நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். கிரிக்கெட்டில் நுழைந்ததும் அந்த வழியாகத்தான். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் மைதானத்தில் மேட்டிங் பாய் விரிக்க இடம் அளக்க வேண்டும் என்று பையன்கள் வந்து நின்றார்கள். "விக்கெட்டுக்கு விக்கெட் 22 கஜம் சார், டேப் இருக்கா?" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 22 கஜம் என்றால் 66 அடி. 66 அடி என்றால் ஒரு செயின். 1620 வாக்கில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் வகுத்த அளவு. நூறு கண்ணி கொண்ட அந்த இரும்புச் சங்கிலியில் பத்துச் சதுரச் செயின் சேர்ந்தால் ஒரு ஏக்கர். நம் மாகாணத்து வயல்களை அதை இழுத்துத்தான் அளந்தார்கள். மெட்ரிக் வந்தபிறகு வேலை போய், எங்கள் அலுவலக மூலையில் ஒன்று துருப்பிடித்துச் சுருண்டு கிடந்தது. ஞாயிறு அதை எடுத்துப் போனேன். சங்கிலி இழுக்கும் செயின்மேனும் கூட வந்தார், டீ வாங்கித் தருவதாகப் பேச்சு. இரண்டு பக்கமும் பித்தளைப் பிடி, பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை, வெயிலில் கை சுட்டது. இந்த முனையில் ஒரு முளை, அந்த முனையில் ஒரு முளை. 1744ல் முதன்முதலாக எழுதி வைத்த ஆட்ட விதிகளிலேயே இந்த 22 கஜம் இருக்கிறது. சர்வே கல் நடுகிற இடத்தில் அன்று ஸ்டெம்பு நட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கே சொல் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. "விக்கெட்டை நடுங்க" என்றான் ஒருவன், அவன் சொன்னது மூன்று குச்சியை. "விக்கெட்டில் தண்ணி தெளிங்க" என்றான் இன்னொருவன், அது இடையிலிருந்த மண். "முதல் ஓவர்லயே விக்கெட் எடுத்துடணும்" என்று பந்து வீசுகிறவன் கையைத் தேய்த்துக்கொண்டான். அவன் எடுக்கப்போவது குச்சியும் இல்லை, மண்ணும் இல்லை. செயின்மேன் என் காதில் கேட்டார்: "சார், நடுறாங்க, தெளிக்கிறாங்க, எடுக்கிறாங்க. இது என்ன நாத்தா?"

நாற்று என்று அவர் சொன்னதை இப்போதும் நினைத்துச் சிரிப்பேன். ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. தமிழில் இந்தச் சொல்லுக்குப் பொருள் கொடுப்பது அதன் பின்னால் வரும் வினை. நட்டால் குச்சி. விழுந்தால் ஆட்டக்காரர். எடுத்தால் பந்து வீசியவர் கணக்கு. உடைத்தான் என்றால் கீப்பரோ ஃபீல்டரோ குச்சிகளின் மேல் இருக்கும் சின்னக் கட்டைகளை, பெயில்ஸை, தட்டிவிட்டார். உங்கள் நிருபர் 'இழந்து' என்ற வினையைப் போட்டார், 'வித்தியாசத்தில்' என்று போட வேண்டிய இடத்தில். ஒரு வினை மாறியதில் ஒரு பையனின் 21 ரன் காணாமல் போனது.

மூலப் பொருள் என்ன என்று கேட்டால், வாசல். பெரிய கதவிலோ வேலியிலோ ஆள் மட்டும் நுழைகிற அளவுக்கு வைக்கும் சின்னக் கதவுக்கு ஆங்கிலத்தில் விக்கெட் என்று பெயர். ரயில்வே கேட்டில் வண்டிகளுக்குப் பெரிய கேட், பக்கத்தில் நடந்து போகிறவர்களுக்கு ஒரு சின்ன வழி இருக்கிறதே, அதை ரயில்வேக்காரர்கள் இன்றும் விக்கெட் கேட் என்றுதான் சொல்கிறார்கள். நமக்கு இதற்கு ஓர் அருமையான பழைய சொல் உண்டு: திட்டிவாசல். கோட்டைக் கதவிலும் கோயில் கதவிலும், பெரிய கதவைச் சாத்திய பிறகு குனிந்து நுழைகிற அந்தச் சின்ன வாசல். ஆதியில் இரண்டே குச்சி நட்டு மேலே ஒரு குறுக்குக் கட்டை வைத்து ஆடினார்கள். பார்க்க அச்சாகத் திட்டிவாசல் மாதிரியே இருந்திருக்கும். அதனால் வந்த பெயர்.

இரண்டு குச்சி மூன்றானது ஒரு வயிற்றெரிச்சலில். 1775ல் லண்டன் ஆர்ட்டிலரி மைதானத்தில் லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து, ஜான் ஸ்மால் என்ற ஆட்டக்காரரைத் தாண்டி இரண்டு குச்சிக்கு நடுவே மூன்று முறை புகுந்து போனது. குச்சியில் படவில்லை, கட்டையும் விழவில்லை, ஆகவே அவுட் இல்லை. வாசல் திறந்திருந்தால் பந்து போகத்தானே செய்யும்! அதன் பிறகுதான் நடுவில் மூன்றாவது குச்சி வந்தது. இன்று 28 அங்குல உயரம், 9 அங்குல அகலம்.

இதெல்லாம் எதற்கு என்றால், சில வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், விக்கெட் என்ற அயல்சொல்லை விட்டுவிட்டு 'இலக்கு' என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். இலங்கை நண்பர்கள் சிலர் அப்படி எழுத நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பழகிவிட்டது, படித்தால் புரிகிறது. நம் பக்கத்தில் நடக்காது. ஏனென்றால் நம் பத்திரிகைகள் இலக்கு என்பதை எடுக்க வேண்டிய ரன்னுக்குக் கொடுத்தாகிவிட்டது. "147 ரன் இலக்கை 7 இலக்குகளை இழந்து எட்டியது" என்று போட்டுப் பாருங்கள். என் செயின்மேன் இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார். சிலர் 'வீழ்த்தல்' என்கிறார்கள், அது பந்து வீசியவர் கணக்குக்குப் பொருந்துகிறது, குச்சிக்குப் பொருந்தாது. தமிழ்ப்பற்றில் நான் அந்த வாசகருக்குக் குறைந்தவன் இல்லை. புல எண், பட்டா, அடங்கல் என்று முப்பது வருஷம் எழுதிய கை. ஒரு சொல் நாலு வேலை பார்க்கும்போது அதற்குப் பதிலாக ஒரே சொல்லை உட்கார வைக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

ஸ்கோர் புத்தகத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விக்கெட் என்றால் குச்சி பறக்கும் காட்சி. எங்கள் புத்தகத்தில் குச்சியைப் பற்றிய பேச்சே குறைவு. ஓவர் கட்டத்தில் ஆறு புள்ளி, ரன் இல்லை என்றால் மெய்டன், புள்ளிகளை இணைத்து ஆங்கில 'எம்' மாதிரி கோடு இழுப்போம். அதே ஓவரில் விக்கெட்டும் விழுந்தால் அதையே தலைகீழாக 'டபிள்யூ' ஆக இழுப்போம். விக்கெட் மெய்டன் என்று பெயர். ஞாயிறு ஆட்டத்தில் ஒன்று விழுந்தது, கோடு இழுக்கும்போது ஒரு சந்தோஷம், சொன்னால் சிரிப்பீர்கள்.

ரன் அவுட் ஆனால் அணிக்கு ஒரு விக்கெட் போகும், பந்து வீசியவர் கணக்கில் ஏறாது. கோட்டை விட்டு இறங்கி வந்து பந்தை விட்டவரை அவுட் ஆக்கும் ஸ்டம்பிங் என்றால் உடைப்பது கீப்பர், கணக்கு பந்து வீசியவருக்கு. அடிபட்டு வெளியே போனால் ஆள் இல்லை, ஆனால் விக்கெட் விழவில்லை. இதில் உச்சம், 2023 உலகக் கோப்பையில் டெல்லியில் நடந்தது. இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் உள்ளே வந்தார், ஹெல்மெட் வார் அறுந்தது, வேறு ஹெல்மெட் கேட்டு நின்றதில் நேரம் கடந்துவிட்டது என்று வங்கதேசம் முறையிட, டைம்டு அவுட். சர்வதேச ஆட்டத்தில் அப்படி ஒருவர் அவுட் ஆனது அதுவே முதல் முறை. ஒரு பந்துகூட அவருக்கு வீசவில்லை. குச்சி நிற்கிறது, பந்து கையில் இருக்கிறது, விக்கெட் போய்விட்டது! எந்த பவுலர் பெயரிலும் எழுத முடியாது.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்துக்குப் போயிருந்தேன், லீவு போட்டு. ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட், கடைசி நாள், வெற்றிக்கு 348. கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு மறுமுனைக்குப் போய்விட்டார். மணிந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்து, கிரெக் மேத்யூஸ் வீசியது, குச்சியை மறைத்து நின்ற பேடில் பட்டது, எல்.பி.டபிள்யூ என்று நடுவர் விக்ரம் ராஜு விரலைத் தூக்கினார். குச்சி மூன்றும் அப்படியே நின்றன. பெயில்ஸ் ஆடக்கூட இல்லை. என் பக்கத்தில் இருந்தவர் "டிரா, டிரா" என்று கத்தினார். இல்லை ஐயா, அந்த விக்கெட் விழாமல் ஓவர் முடிந்திருந்தால்தான் டிரா. ரன் சமமாக இருக்கையில் பத்தாவது விக்கெட் விழுந்ததால்தான் அது டை, சரிசமன். டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது டை. நான் சொன்னதை அவர் நம்பவில்லை. மறுநாள் பேப்பரில் பார்த்து நம்பியிருப்பார். பேப்பர் சொன்னால் நம்புவார்கள் ஐயா, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே பந்தில் இந்தச் சொல்லின் எல்லாப் பொருளும் வந்து நின்ற ஆட்டமும் சேப்பாக்கத்தில்தான். 1988 பொங்கல் சமயம், வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட். நரேந்திர ஹிர்வானிக்கு முதல் டெஸ்ட், 136 ரன் கொடுத்து 16 பேரைச் சாய்த்தார். கீப்பர் கிரண் மோரே ஆறு ஸ்டம்பிங், அதில் ஐந்து இரண்டாவது இன்னிங்ஸில். விக்கெட் திரும்புகிறது, ஆட்டக்காரர் இறங்கி வந்து ஏமாறுகிறார், விக்கெட் கீப்பர் விக்கெட்டை உடைக்கிறார், ஹிர்வானிக்கு விக்கெட். ஒரு வாக்கியத்தில் நாலு. வீட்டில் வானொலியில் தமிழ் வர்ணனை. என் அம்மா கரும்பைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "விக்கெட் விழுந்தது, விக்கெட் விழுந்தது" என்று வந்துகொண்டே இருந்ததில் பொறுமை போய், "எத்தனை தடவைடா விழும்? ஆழமா அடிச்சு நடக் கூடாதா?" என்றாள். அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் வர்ணித்துப் பழகிய காதுகள் நமக்கு. அம்மாவுக்கு அது வேலிக்கால் சமாச்சாரம்.

மொழிபெயர்ப்பில் இதைவிட மோசம் ஒன்று உண்டு. ஓவர் த விக்கெட் என்பதை ஒரு முறை "விக்கெட்டுக்கு மேலாகப் பந்து வீசினார்" என்று அச்சில் பார்த்தேன். உங்கள் நாளிதழ் இல்லை, பதற வேண்டாம். படிக்கிறவர், பவுலர் ஏணி போட்டு ஏறினார் என்றல்லவா நினைப்பார்? பந்து போடும் கை குச்சி இருக்கும் பக்கம் இருந்தால் ஓவர், குச்சிக்கு வெளிப்பக்கம் இருந்தால் ரவுண்ட். அவ்வளவுதான். அப்படியே ஓவர் த விக்கெட் என்று தமிழில் எழுதிவிடுங்கள், தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவர் கேட்டுக்கொள்வார்.

குச்சியை உடைப்பதிலும் விதி இருக்கிறது. அதை ஒரு ஆடி மாதம் அடி வாங்காத குறையாகக் கற்றுக்கொடுத்தேன். அன்று நான் நடுவர். ரன் அவுட் முயற்சி. பந்து வருவதற்கு முன்பே கீப்பரின் முழங்கால் தட்டி பெயில்ஸ் இரண்டும் கீழே. பந்து வந்தது, வலது கையில் பிடித்தார். ஆட்டக்காரர் இன்னும் ஐந்தடி வெளியே. கீப்பர் இடது கையால் நடுக்குச்சியைப் பிடுங்கி வானத்தில் ஆட்டினார். நாட் அவுட் என்றேன். பந்து இருக்கும் கையாலேயே பிடுங்க வேண்டும், வெறும் கையால் பிடுங்கினால் அது விறகு. மைதானம் முழுக்கச் சண்டை. பிடுங்கிய குச்சியோடு அவர் என்னை நோக்கி நடந்து வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பக்கத்தில் வந்ததும் குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே நட்டுக்குங்க" என்று போய்விட்டார்.

மைதானத்தை விட்டு வெளியே வந்த பிறகும் இந்தச் சொல் நம்மை விடுவதில்லை. நண்பர் கூட்டத்தில் ஒருவனுக்கு நிச்சயதார்த்தம் என்றால் "அடுத்த விக்கெட் காலி." அமைச்சர் பதவி விலகினால் "முதல் விக்கெட்" என்று நீங்களே தலைப்புப் போடுகிறீர்கள், நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் காலை நடைக் கோஷ்டியில் பதினோரு பேர் இருந்தோம், இப்போது ஆறு. போன தை மாதம் ஒருவர் போனபோது, காரியம் முடிந்து திரும்பும் வழியில் ஒருவர் மெதுவாக, "அஞ்சாவது விக்கெட்" என்றார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கோபிக்கவும் இல்லை. ஆங்கிலேயன் இந்த அர்த்தத்தில் சொல்வானா என்று தெரியாது. நம் தெருவில் அது தமிழ்ச்சொல்.

என் பேத்தி ஒரு நாள் கேட்டாள், ஒரு அணி ரன்னில் ஜெயிக்கிறது, இன்னொரு அணி விக்கெட்டில் ஜெயிக்கிறது, ஒரே ஆட்டத்துக்கு எப்படி இரண்டு தராசு என்று. இரண்டாவதாக ஆடும் அணி தேவையான ரன்னை எட்டிய நிமிடமே ஆட்டம் முடிந்துவிடும், மிச்சம் சொல்ல ரன் இருக்காது. கையில் மிச்சம் இருப்பது விழாத விக்கெட்டுகள்தான். பத்திலிருந்து போனதைக் கழித்தால் வருவது வித்தியாசம். "பதினோரு பேர்னா ஏன் பத்து?" என்றாள். கடைசி ஆளுக்கு எதிர்முனையில் துணை வேண்டும், தனியாக ஆட முடியாது, அதனால் பத்து விழுந்தால் கதை முடிந்தது. அவளுக்கு வயது ஒன்பது, உடனே புரிந்துகொண்டாள். உங்கள் செய்திப் பிரிவில் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டி வைத்தால் போதும்: பத்து கழித்தல் ஏழு, மூன்று.

இன்னும் ஒன்று. அந்தப் பையன்கள் இருவரும் சேர்த்த 35 ரன்னை "எட்டாவது விக்கெட்டுக்கு" என்று சொன்னேன். கவனித்தீர்களா, அந்த எட்டாவது விக்கெட் விழவே இல்லை. விழாத விக்கெட்டின் பெயரில்தான் அவர்கள் சேர்த்தது புத்தகத்தில் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இரண்டு. மண்ணைச் சொல்லும்போது விக்கெட் வேண்டாம், 'ஆடுகளம்' என்றோ பிட்ச் என்றோ போடுங்கள், பாதிக் குழப்பம் தீரும். மற்ற இடங்களில் விக்கெட்டே இருக்கட்டும், வினையை மட்டும் பார்த்துப் போடுங்கள். இரண்டாவது, ஒரு வரித் திருத்தம். "7 விக்கெட் இழப்புக்கு 147 ரன் எடுத்து 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது" என்று. இடம் இருந்தால் எட்டாவது விக்கெட்டுக்கு 35 என்பதையும் சேர்க்கலாம். பெயர்கள் வேண்டுமானால் ஸ்கோர் புத்தகத்தின் நகல் இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருப்பது அந்தப் பையன். பழைய செய்தியை அவன் கத்தரித்து வைத்திருக்கிறான், ஒட்டவில்லை. புதியது வரட்டும் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர்,
மன்னார்குடி.